மழைக் காட்சி பற்றி

நிரோஜன் தம்பி,
கதைப் பிரதியை இரண்டு தரம் வாசித்தேன்.
மாங்குளத்தில் கரண்ட் போன இரவு,
கடைசிப் பக்கங்களை டோர்ச் வெளிச்சத்தில்.
அழுதேன், ஓம்.
அழுதது உங்கள் கதைக்கு.
அருந்தவம் மிஸ் அதற்குள் இல்லை.

வெள்ளைக் கோட்டு அவவிடம் இருந்ததில்லை.
தமையனின் பழைய சேட்டு, கைமடித்தது,
ஜீம்சாச் சாயம் தெறித்த இடமெல்லாம் ஊதா.
நுணுக்குக்காட்டிக்குப் பல்ப் போட்டிருக்கிறீர்கள்.
பற்றரிக்கே தடை இருந்த காலம்.
அடியிலுள்ள கண்ணாடியைத் திருப்பித் திருப்பி
ஜன்னல் வெயிலைத்தான் பிடிப்பா.
முகில் வந்தால் வேலை நிற்கும்.
முகில் போகுமட்டும் பிளேன்ரீ,
பனங்கட்டி ஒரு கடி.

டிலக்ஷனா கெட்டிக்காரி,
ஆனால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறா.
மிஸ் இரண்டையும் திறந்தே வைத்திருப்பா.
ஒன்று வழுக்கியில், குருதிப் படலத்தில்.
மற்றது வாசலில்.
பழகினால் மூளை ஒன்றை மறந்துவிடும் என்று
புத்தகத்தில் இருக்கிறதாம்.
வாசலை மறக்கிற மூளை
அந்த நாளில் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

இனி, மழை.
எழுபத்திரண்டாம் காட்சி. கொட்டுகிற மழையில்
கையை விரித்து நின்று கண்டுபிடிக்கிறா.
தம்பி, அவ கண்டதே
மழை இல்லாத ஆற்றைத்தான்.
மாரியில் கனகராயன் ஆறு இழுத்துக்கொண்டு ஓடும்,
குடம்பி தங்காது.
மழை விட்டு, ஓட்டம் அறுந்து,
மணலில் குட்டை குட்டையாய் ஆறு கிடக்கிறபோது
காய்ச்சல் ஒலுமடுவுக்குள் வரும்.
ஒரு நாளில் காணவில்லை. மூன்று வருசம்.
முதல் வருசம் குளத்தைச் சந்தேகித்தா,
முழுப் பிழை.
அந்தப் பிழைக்கு ஒரு காட்சிகூடக் கொடுக்கவில்லை நீங்கள்.

ஆதாரம் கேட்டீர்கள்.
ஒரு டொக்டரின் அறிக்கையில்
'உள்ளூர் உதவியாளர் ஒருவர்' என்று வரும்.
அந்த ஒருவர் அவ.
பதிவேடுகள் பதினாலும் எரிகிறதாக எழுதியிருக்கிறீர்கள்,
வயலின் வேறு.
கடைசி இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்தோம்.
எரிந்ததோ, கறையான் தின்றதோ,
ஆரேனும் சரை சுற்றினார்களோ,
எனக்குத் தெரியாது.

என்னுடைய பொய்யையும் சொல்லவேணும்.
பத்தொன்பது வயது எனக்கு.
மாட்டுப்பட்டி ஓரம், பொழுதுபட்டதிலிருந்து,
முழங்கால்வரை பாவாடையை மடித்து
கடிக்க வருகிற நுளம்பைக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்கிற வேலை.
ஒரு இரவு போர்த்துக்கொண்டு நித்திரையாகிவிட்டேன்.
விடியப் பயத்தில்
முப்பத்தேழு என்று எழுதினேன்,
பேணி கவிழ்ந்து எல்லாம் பறந்துவிட்டது என்றேன்.
மிஸ் பேணியைக் கேட்கவில்லை.
என் காலைப் பார்த்தா.
ஒரு தடிப்பும் இல்லை.
சிவப்பு மையால் வெட்டி,
பக்கத்தில் எழுதினா: பார்க்கவில்லை.
'பூச்சியம் எண்டு போடுங்கோவன்' என்றேன்.
'எண்ணினால்தானடி பூச்சியம்.'
என்னைவிட நாலு வயதுதான் கூட அவவுக்கு.
பிறகு இரண்டு நாள் நான் அவவோடு கதைக்கவில்லை.

அதனால் கேட்கிறேன்:
தெரியாத இடத்தில் திரையைக் கறுப்பாக விட்டால்
சனம் எழும்பிப் போய்விடுமா?

மழையை எடுத்து முடித்துவிட்டீர்களாம்,
பிரதேச சபைப் பவுசரில்.
நேற்று அகப்பையோடு அந்த இடத்துக்குப் போனேன்.
எட்டாம் நாள்.
உங்கள் மழை மாட்டுக் குளம்படிகளில் தேங்கியிருந்தது.
பதினொரு குளம்படி, இருபத்தாறு குடம்பி.
நாலு, நீர்மட்டத்தோடு கிடையாய்.
மற்றவை தலைகீழாய்த் தொங்கின.
பன்னிரண்டாவதை நான் குனியமுதல்
ஒரு எருமை மிதித்துவிட்டது.
பார்க்கவில்லை.